நன்றாகப் படிக்கிறவர்களே ப்ராஜெக்டைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவது ஏன்? வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்களும் மாணவர்களும் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை எழுதியது:

வேலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதுகலை மாணவர்களின் ப்ராஜெக்டுக்கு கைடாகவும் இருக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் இருக்கிற ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் இதை எடுத்தால் "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு போன்தான் எல்லாம் மேடம்" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு வருடமும் சினாப்சிஸ் (ப்ராஜெக்டின் சுருக்கம்) கேட்கும்போது முதலில் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் நடுத்தரமாகப் படிக்கிறவர்கள்தான். எழுத்துப்பிழை இருக்கும், தலைப்பு அரைகுறையாக இருக்கும், ஆனால் கையில் ஒரு தாள் இருக்கும். திருத்திக் கொடுத்தால் மறுபடி கொண்டுவருவார்கள். கடைசியில் நிற்கிறவர்களில் ஒரு பகுதி எதிலுமே அக்கறை இல்லாதவர்கள். அவர்கள் கதை வேறு. இன்னொரு பகுதியைப் பற்றித்தான் பேச வந்தேன். இன்டர்னலில் எப்போதும் முதல் ஐந்து பேருக்குள் இருப்பார்கள். ரெக்கார்ட் நோட்டைத் திறந்தால் ஒரு அடித்தல் இருக்காது. ஒரு எழுத்து தப்பினால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிற பிள்ளைகள். தலைப்பு தேர்ந்தெடுத்தாகிவிட்டது, பென் டிரைவ் நிறையக் கட்டுரைகள் சேர்த்தாகிவிட்டது, ஆனால் சொந்தமாக ஒரு பக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்கள். கேட்டால், "இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு எழுதலாம்னு இருக்கேன் மேடம்" என்பார்கள். அப்புறம் டிபார்ட்மென்ட் பக்கமே வருவதில்லை. நான் வருகிற நேரம் பார்த்து லைப்ரரிக்குப் போய்விடுகிறார்கள். கடைசி வாரத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்து எதையோ எழுதி, ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்று பைண்டிங் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர்கள் திறமைக்கு அது பாதிகூட இருக்காது. சிலர் அதையும் கொடுக்காமல் ஒரு வருடத்தையே விட்டுவிடுகிறார்கள்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ப்ராஜெக்டை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வருகிற பிள்ளையை எப்படிச் சோம்பேறி என்பது?

தேடிப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. 1990-ல் ராண்டி ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், எதிலும் ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்று நினைக்கும் குணமான பர்ஃபெக்‌ஷனிசத்தை ஆறு கூறுகளாகப் பிரித்து அளந்தார்கள். தப்பு வந்துவிடுமோ என்ற கவலை, தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் உயர்ந்த தரம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோர் சொல்லும் குறை, செய்தது சரிதானா என்ற ஓயாத சந்தேகம், ஒழுங்கின் மீது பிரியம். இந்த ஆறும் எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. நான் சொல்லும் பிள்ளைகளுக்குத் தரம் உயர்ந்திருப்பது ஒரு பிரச்சினையே இல்லை என்று நினைக்கிறேன். தப்பைப் பற்றிய கவலையும் சந்தேகமும்தான் அவர்களை எழுத விடாமல் நிறுத்துகின்றன. மார்க்கை எடுத்துவிட்டால் தன்னிடம் மதிக்கும்படி வேறொன்றும் இல்லை என்று ஒரு பிள்ளை நம்பும்போது அந்தக் கவலை பூதாகாரமாகிவிடுகிறது. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். மறுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

சேண்பாக்கம்_ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, நீங்கள் அக்கறையோடு எழுதியிருப்பது தெரிகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை.

பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. பிளஸ் டூ தேர்ச்சிப் பட்டியலில் நம் பக்கத்து மாவட்டங்கள் பல முறை கடைசி வரிசையில் வந்ததைப் பார்த்து வருந்தியவன். அங்கே நான் பார்த்த பிள்ளைகள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் பர்ஃபெக்‌ஷனிசம் இல்லை. வீட்டில் படிக்க இடம் கிடையாது, அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் இல்லாத வீட்டில் ஆர்வம் கிடையாது. "எனக்கு எல்லாம் சரியா இருக்கணும், அதனாலதான் லேட்டு" என்பது கேட்க அழகாக இருக்கிறது. வேலைக்கான இன்டர்வியூவில் உன் குறை என்ன என்று கேட்டால் இதையே சொல்லும்படி பயிற்சி கொடுக்கிறார்கள் என்று என் பேரன் சொன்னான். குறைக்கு நல்ல பெயர் வைத்துவிட்டால் அதைத் திருத்தவே தோன்றாது. நேரத்துக்கு எழுந்து நேரத்துக்கு உட்காரும் பழக்கம் சிறு வயதில் படியாததுதான் மூல காரணம் என்பது என் கருத்து.

உளவியல்_முதுகலை எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதிக்கு ஆராய்ச்சியிலேயே ஆதாரம் இருக்கிறது.

2007-ல் பியர்ஸ் ஸ்டீல் என்ற கனடா நாட்டுப் பேராசிரியர், தள்ளிப்போடுவது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார். இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்ணுக்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். அது பூஜ்யம் என்றால் தொடர்பு இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. அந்த நேரத்து ஆசைக்கு உடனே இழுபட்டுப் போகும் குணத்துக்கும் தள்ளிப்போடுவதற்கும் 0.41. வேலை கசப்பாக இருப்பதற்கு 0.40. என்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மைனஸ் 0.38, அதாவது நம்பிக்கை குறையக் குறையத் தள்ளிப்போடுவது கூடுகிறது. தன்மதிப்புக்கு மைனஸ் 0.27. பர்ஃபெக்‌ஷனிசத்துக்கு வந்தது மைனஸ் 0.03. ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. "நான் பர்ஃபெக்‌ஷனிஸ்ட், அதனால்தான் தள்ளிப்போடுகிறேன்" என்பது பொதுவாக எடுத்தால் நிற்கவில்லை. இந்த வகையில் ஐயா பக்கம்தான் எண் இருக்கிறது.

ஆனால் மேடம் சொன்ன பிரிவினையை வைத்துப் பாருங்கள். 2017-ல் ஃபுஷியா சிரோய், டேனியல் மோல்னார், ஜேம்சன் ஹெர்ஷ் மூவரும் 43 ஆய்வுகளை, சுமார் 10,000 பேரின் விவரங்களை எடுத்து, பர்ஃபெக்‌ஷனிசத்தை இரண்டாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். உயர்ந்த தரத்தை நோக்கி முயல்வது ஒன்று. தப்பைப் பற்றிய கவலை, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை இன்னொன்று. முயல்வதற்கும் தள்ளிப்போடுவதற்கும் மைனஸ் 0.22. கவலைக்கும் தள்ளிப்போடுவதற்கும் பிளஸ் 0.23. ஒன்று இந்தப் பக்கம் இழுக்கிறது, இன்னொன்று அந்தப் பக்கம். இரண்டையும் கலந்து அளந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருவதில் ஆச்சரியம் இல்லை. உயர்ந்த தரம் வைத்திருக்கிறவர் சராசரியைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வேலையைத் தொடங்குகிறார். கவலைப்படுகிறவர்தான் நின்றுவிடுகிறார்.

இவை பெரிய எண்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவர் தாமதமாகக் கொடுப்பதற்கு இருக்கும் பல காரணங்களில் இது ஒன்று. வேலை கசப்பது, போன், தூக்கமின்மை, ஐயா சொன்ன வீட்டுச் சூழல் எல்லாம் அதே மாணவரிடம் சேர்ந்தே இருக்கும்.

குடியாத்தம்_முதல்பட்டதாரி எழுதியது:

மேடம், ஐயா, இருவருக்கும் வணக்கம். மேடம் சொல்கிற வகை மாணவன் நான். வேறு கல்லூரி, எம்.எஸ்சி. இரண்டாம் வருடம்.

நேரத்துக்கு எழும் பழக்கம் பற்றி ஐயா எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் கைத்தறி, லுங்கி நெய்கிறோம். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து நைனாவுக்கு (அப்பாவுக்கு) தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் காட்பாடி பஸ் பிடிக்கிறேன். அந்த வேலையை நான் ஒரு நாளும் தள்ளிப்போட்டது கிடையாது. அசைன்மென்டில் கணக்கு என்றால் அன்றைக்கே போட்டுவிடுவேன். எழுதுவது என்றால்தான் நின்றுவிடுகிறேன். அதனால் இது பழக்கக் குறை என்று எனக்குத் தோன்றவில்லை ஐயா.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ப்ராஜெக்ட் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். லேப்டாப்பைத் திறந்து முதல் வாக்கியத்தை அடிக்கிறேன். படித்துப் பார்க்கிறேன், சரியில்லை, அழிக்கிறேன். அந்த வாக்கியத்தை யார் யார் படிப்பார்கள் என்று மனதில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. இளங்கலை படித்தபோது ஓர் ஆசிரியர், கூடப் படித்த பையன் எழுதிய பத்தியை வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அது என்னுடைய பத்தி இல்லை. ஆனாலும் அன்றையிலிருந்து எதை எழுதினாலும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

அப்புறம் வீடு. நைனா என்னைத் திட்டியதே இல்லை. நூல் கொடுக்க வருகிறவர், கூலி கொடுக்க வருகிறவர், எல்லோரிடமும் "பையன் எம்.எஸ்சி., அடுத்து டாக்டர் பட்டம்" என்று சொல்வார். அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். எழுதாமல் இருக்கிற வரைக்கும் அந்த ப்ராஜெக்ட் பிரமாதமாக வரும் என்று நானும் நம்பலாம், அவரும் நம்பலாம். எழுதிவிட்டால் நான் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தறியில் இழை அறுந்தால் நைனா முடிச்சுப் போட்டுவிட்டு நெய்துகொண்டே போவார். அதற்காகப் பாவு முழுவதையும் கழற்ற மாட்டார். எழுதும்போது எனக்கு அந்த மாதிரி போக வரவில்லை. ஒரு வாக்கியம் அறுந்தால் முழுவதையும் அழித்துவிடுகிறேன்.

உளவியல்_முதுகலை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நைனா திட்டுவதில்லை, ஆனால் அவர் சந்தோஷமே பயமாக இருக்கிறது என்றீர்களே, அதைத்தான் பால் ஹெவிட்டும் கார்டன் ஃப்ளெட்டும் 1991-ல் தனியாக அடையாளம் காட்டினார்கள். தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எதிர்பார்ப்பு, பிறரிடம் வைக்கும் எதிர்பார்ப்பு, பிறர் தன்மேல் வைத்திருப்பதாக நினைக்கும் எதிர்பார்ப்பு என்று மூன்று. கடைசியில் சொன்னதில் "நினைக்கும்" என்பது முக்கியம். யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. குறை வந்தால் மதிப்பு போய்விடும் என்று நாம் எண்ணிக்கொண்டாலே போதும். 1992-ல் கல்லூரி மாணவர்களிடம் அதே குழு பார்த்தபோது, தள்ளிப்போடுவதோடு தெளிவாகத் தொடர்பு காட்டியது இந்த மூன்றாவது வகைதான். மாணவிகளைவிட மாணவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

இது கூடிக்கொண்டும் வருகிறது. தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் விடைகளை ஒப்பிட்டார்கள். மூன்று வகையும் ஏறியிருந்தன, ஆனால் பிறர் எதிர்பார்ப்பதாக நினைப்பதுதான் அதிகம், 33 சதவீதம் ஏறியிருந்தது. அங்கே எடுத்த கணக்கு அது. முதல் பட்டதாரி என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பார்வை எவ்வளவு கனமாக இருக்கும் என்று உணர எனக்கு எண் தேவைப்படவில்லை. நானும் ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள்தான்.

தொரப்பாடி_சிவில் எழுதியது:

இன்னொரு கோணமும் இருக்கிறது. நான் பொறியியல் படித்து இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஹாஸ்டலில் நன்றாகப் படிக்கிற நண்பர்கள் சிலர் செமஸ்டருக்கு முந்தின ராத்திரிதான் புத்தகத்தைத் தொடுவார்கள். அதற்கு முன் கேரம் போர்டு, பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் டீ, மொட்டை மாடியில் அரட்டை. மார்க் வந்ததும் "ஒரே நைட்டு மச்சான், ஒரே நைட்டுல படிச்சது" என்பார்கள். அரியர் வந்தால் "எங்க படிச்சேன், படிச்சிருந்தா போட்டிருப்பேன்" என்பார்கள். இரண்டிலும் அவர்கள் அறிவுக்குச் சேதாரம் இல்லை, கவனித்தீர்களா?

ரொம்ப காலம் அதை நாங்கள் கெத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிற்பாடு அவர்களில் ஒருவன் என்னிடம் மனம்விட்டுப் பேசினான். பள்ளியில் முதல் மாணவன். இங்கே வந்த முதல் செமஸ்டரில் உண்மையாகவே உழைத்தான், வகுப்பில் பாதிக்குக் கீழே வந்தான். "அதுக்கப்புறம் முழுசா முயற்சி பண்ணவே பயமா இருந்துச்சுடா" என்றான். ஊரில் முதல் ஆளாக இருந்தவர்கள் நூறு பேர் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் யாரோ ஒருவர் நூறாவதாக வந்துதானே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உளவியல்_முதுகலை எழுதியது:

1978-ல் எட்வர்ட் ஜோன்ஸும் ஸ்டீவன் பெர்க்ளாஸும் எழுதியது கிட்டத்தட்ட இதுதான் அண்ணா. தோல்வி வந்தால் கைகாட்ட ஒரு தடையை ஆள் தானே முன்கூட்டி வைத்துக்கொள்வது. குடிப்பதையும், முயலாமல் இருப்பதையும் உதாரணமாகச் சொன்னார்கள். திறமை மீது சந்தேகம் இருக்கிறவர், அதை யாரும் அளந்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்.

கடைசி நேர அழுத்தத்தில்தான் நன்றாக வரும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 1997-ல் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர்களைக் கவனித்தார்கள். தள்ளிப்போடுகிறவர்களுக்குத் தொடக்கத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது, உடம்புத் தொந்தரவும் குறைவு. செமஸ்டர் கடைசியில் இரண்டும் மற்றவர்களைவிட அதிகமாகிவிட்டன. மொத்தமாகக் கூட்டினாலும் அவர்களுக்குத்தான் அதிகம். மார்க்கும் குறைவு.

சேண்பாக்கம்_ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

குடியாத்தம் தம்பிக்கு: விடியும் முன் எழுந்து தறி வேலை செய்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையைப் பழக்கம் இல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. உங்களைப் பொறுத்தவரை என் வாதம் பொருந்தவில்லை. ஆனால் எல்லோரும் நீங்கள் இல்லை.

ஒரு கேள்வி கேட்கிறேன். தன்மதிப்பு குறைவதால் தள்ளிப்போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், வைத்தியம் என்ன? பாராட்டிக்கொண்டே இருப்பதா? எங்கள் பணிக்காலத்தின் கடைசி வருடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் எப்போதும் பாராட்டுங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். வெறும் பாராட்டால் ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பொய்ப் பாராட்டு தெரியும். அதைக் கேட்டால் நம்மை நம்புவதையும் நிறுத்திவிடுவார்கள்.

உளவியல்_முதுகலை எழுதியது:

அருமையான கேள்வி ஐயா. தன்மதிப்பை அளக்க இன்றும் பெரும்பாலும் பயன்படுவது மாரிஸ் ரோசன்பர்க் 1965-ல் வெளியிட்ட பத்து வாக்கிய அளவுகோல். அது தன்மதிப்பு எவ்வளவு என்று காட்டும், எதன் மேல் நிற்கிறது என்று காட்டாது. ஜெனிஃபர் கிராக்கரும் கானி உல்ஃபும் 2001-ல் இந்த இரண்டாவது கேள்வியை எடுத்தார்கள். ஒருவருக்குத் தன்மதிப்பு படிப்பின் மேல் மட்டும் நிற்கும். இன்னொருவருக்குக் குடும்பத்தின் அன்பு, நட்பு, தெய்வ நம்பிக்கை, நேர்மை என்று பல கால்கள் இருக்கும். முதல் ஆளை "நீ நல்லா படிக்கிற பொண்ணு" என்று பாராட்டப் பாராட்ட, அவர் மதிப்பு அந்த ஒற்றைக் காலிலேயே இன்னும் இறுக்கமாக நிற்கிறது. அடுத்த தேர்வு இன்னும் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. அதனால் மார்க்குக்கான பாராட்டு இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது என்பதில் நான் உங்கள் கட்சி.

ராணிப்பேட்டை_அம்மா எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். என் மகள் பி.காம். மூன்றாம் வருடம். பத்தாம் வகுப்பில் கணக்கில் 98 வாங்கியபோது வந்த சொந்தக்காரர் ஒருவர் "சென்டம் விட்டுட்டியே" என்றார். அன்றைக்கு அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது அசைன்மென்டைத் திறந்து வைத்துக்கொண்டு அலமாரியை அடுக்குகிறாள், தலைப்பைக் கலர் பேனாவில் எழுதுகிறாள், மேற்கொண்டு போவதில்லை. வீட்டில் நாங்கள் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது?

பாலாற்றங்கரை எழுதியது:

அம்மா, என் அனுபவத்தில் வீட்டில் ஒரு சின்ன மாற்றம் நிறையச் செய்கிறது. "முடிச்சிட்டியா?", "எவ்வளவு மார்க் வரும்?" என்று கேட்பதற்குப் பதிலாக "இன்னைக்கு என்ன எழுதின, எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதுகூட இல்லை. மார்க் போடாத ஒருவரிடம் அவள் தன் வேலையைப் பற்றிப் பேசட்டும். சொந்தக்காரர்கள் மார்க் கேட்டால் அவளைப் பதில் சொல்ல விடாமல் நீங்களே பேச்சை மாற்றிவிடுங்கள். அலமாரி அடுக்குவதைத் திட்ட வேண்டாம். படபடப்பை அந்த நேரத்துக்குத் தணித்துக்கொள்ளத்தான் அவள் அதைச் செய்கிறாள். சிரோயும் டிமத்தி பிச்சிலும் 2013-ல் எழுதியதும் இதே கருத்துதான்: தள்ளிப்போடுவது நேர நிர்வாகத்தைவிட மனநிலையைச் சமாளிப்பதோடு நெருங்கியது.

ஐயா கேட்ட வைத்தியத்துக்கு என்னிடம் இருக்கும் பதிலைச் சொல்கிறேன். சில வருடங்களாக என் மாணவர்களிடம் முதல் வரைவை வேறு மாதிரி வாங்குகிறேன். கையால் எழுதிய இரண்டு பக்கம். மார்க் கிடையாது. சிவப்பு மை கிடையாது. எழுத்துப்பிழையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதலாம். "நல்லா எழுது" என்று சொல்வதில்லை, "மோசமா இருந்தாலும் பரவாயில்லை, நாலு மணிக்குக் கொடு" என்கிறேன். இரண்டு பக்கம் வந்துவிட்டால் அதை வைத்துப் பேசலாம். எது தெளிவாக இருக்கிறது, எந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்வேன். அங்கே உட்கார்ந்து எழுதிய ஒரு பெண் முதல் பக்கத்தில் பத்து வரி அடித்திருந்தாள். அடித்தலோடு ஒரு தாளை ஆசிரியரிடம் கொடுப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்றாள்.

இது எல்லோரிடமும் பலிப்பதில்லை. இரண்டு பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு மறுபடி காணாமல் போகிறவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது "இத்தனை நாள் எங்க போன?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரைப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்வு உந்தித் தள்ளும் என்று நாம் நினைக்கிறோம். கைடு அறையைத் தாண்டிப் போக வெட்கப்படுகிற பிள்ளையை அது இன்னும் தூரத்துக்குத்தான் விரட்டுகிறது.

காட்பாடி_இறுதியாண்டு எழுதியது:

மேடம், உங்கள் மாணவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் கைடு ஃபேர் காப்பி இல்லாமல் உள்ளே வராதே என்பார். பக்கம் எண் தப்பாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருவருக்குக் கீழே பதினைந்து மாணவர்கள், அவருக்கும் நேரம் இல்லை என்பது புரிகிறது. இப்படி இருக்கும்போது மாணவர் மனதை மட்டும் சரிசெய்யச் சொல்வது நியாயமா?

இன்னொன்று. கெடு தளர்த்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். தேதி இல்லையென்றால் நான் தொடவே மாட்டேன். என்னைப் பொறுத்தவரை ஐயா சொன்ன கண்டிப்பு வேண்டும்.

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, கெடுவைத் தளர்த்தச் சொல்லவில்லை. என் நாலு மணி நாலு மணிதான். தேதியைக் கறாராக வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் முதல் சுற்றில் தளர்த்துகிறேன். பெரும்பாலான துறைகளில் தலைகீழாக நடக்கிறது. தேதி மூன்று முறை தள்ளிப்போகும், ஆனால் முதல் முறையே எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கவலைப்படுகிற பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு இருக்க முடியாது.

நியாயமா என்று கேட்டீர்கள். நியாயம் இல்லைதான். கைடுகளின் தலையில் இத்தனை மாணவர்களைக் கட்டியது மாணவர்களின் குற்றம் இல்லை. உங்கள் கைடிடம் முடியாது என்றால் கூடப் படிக்கும் இருவரோடு வாரம் ஒரு முறை ரஃப் காப்பியை மாற்றிப் படியுங்கள். என்றைக்கு, எங்கே, எந்தப் பத்தி என்பதை முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். "இந்த வாரம் எழுதணும்" என்று விடாதீர்கள். "புதன் மதியம் சாப்பிட்டதும் லைப்ரரியில் தரவு சேகரித்த முறை, முதல் பத்தி" என்ற அளவுக்கு. பீட்டர் கோல்விட்சர் 1999-ல் இதைப் பற்றி எழுதினார். இப்படி நேரமும் இடமும் குறித்துக்கொண்டவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று அதற்குப் பிறகும் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன.

உளவியல்_முதுகலை எழுதியது:

ஒன்றைச் சேர்க்க வேண்டும். தள்ளிப்போடுவதோடு தூக்கம் வாரக்கணக்கில் கெடுவது, சாப்பாடு இறங்காமல் போவது, யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடப்பது, உயிரோடு இருப்பதில் அர்த்தம் இல்லை என்ற பேச்சு வருவது, இதெல்லாம் இருந்தால் ப்ராஜெக்டைப் பற்றி யோசிக்காதீர்கள், ஆளைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் நமக்குப் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் பக்கத்திலேயே இருக்கிறது, அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. பாகாயம் போனால் ஊர் என்ன பேசும் என்று தயங்கி நிற்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து தயங்காதீர்கள்.

சேண்பாக்கம்_ஓய்வு_தலைமையாசிரியர் எழுதியது:

அந்தக் கடைசிப் பத்தியை இந்த இழையின் மேலேயே போட்டு வைக்கலாம்.

தேதி கறார், தரம் தளர்வு என்று அம்மா சொன்னதை ஏற்கிறேன். அக்கறை இல்லாத பிள்ளைகளை "வேறு கதை" என்று முதல் பதிவிலேயே ஒதுக்கியதைத்தான் ஏற்க முடியவில்லை. அக்கறை இல்லாததுபோல் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர், எட்டாம் வகுப்பிலேயே தோற்றுப் பயந்து, முயல்வதை அன்றைக்கே விட்டவர்கள்? அவர்கள் ரெக்கார்ட் நோட்டு அழகாக இல்லாததால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. அவர்களுக்கும் அந்த இரண்டு பக்கத்தை முயன்று பாருங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஐயா, இதை நான் யோசிக்க வேண்டும். வரும் செமஸ்டரில் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்குகிறேன்.

குடியாத்தம்_முதல்பட்டதாரி எழுதியது:

மேடம், முதல் வரைவைத் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாமா? என் கைடு ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. தமிழில் என்றால் விஷயம் எனக்குத் தடையில்லாமல் வருகிறது.

பாலாற்றங்கரை எழுதியது:

தாராளமாக எழுதுங்கள். வரைவு உங்களுடையது, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எப்படி வருமோ அப்படியே தமிழ் வாக்கியத்துக்குள் விட்டுவிடுங்கள், அங்கே நின்று தேட வேண்டாம். முன்னுரையை இப்போது தொடாதீர்கள், அதுதான் எல்லோரையும் மாட்டவைக்கிறது. நீங்கள் செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள்: எந்தச் சாம்பிளை எடுத்தீர்கள், எப்படி அளந்தீர்கள், என்ன வந்தது. அது முடிந்ததும் கைடிடம் அட்டவணைகளை மட்டும் முதலில் காட்டுங்கள். எண்களில் மொழிப்பிழை வராது, பேச்சு விஷயத்தைப் பற்றியதாக இருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எங்கே சிக்கினாலும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.